கரவனுக்கு மூன்று நாள் பத்தியம்

இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது என் கணவர் வரதராஜா முனிவராகிவிடுவார். சோறு இல்லை, பாண் இல்லை, தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. அவித்த கீரையைக் கோப்பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். நான்காம் நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு, வரும் வழியிலேயே டண்டினொங்கில் கொத்துரொட்டி வாங்கிக் காருக்குள் இருந்து சாப்பிடுவார். முடிவைப் பார்த்த டொக்டர், "வெரி குட், மிஸ்டர் ராஜா" என்பார். டொக்டர் சோதித்தது என் புருசனை அல்ல. மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போன வேறு யாரோ ஒரு மனுசனை. மூன்று மாதச் சீனிக் கணக்கைக் காட்டுகிற இன்னொரு பரிசோதனையும் எப்போதாவது நடக்கும். அதில் ஒவ்வொரு முறையும் அகப்படுவார். அப்போது, "கலியாண வீடுகள் கூடிப்போச்சு டொக்டர்" என்று பழியை ஊரார் பிள்ளைகளின் தலையில் கட்டிவிடுவார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீடான கரவனுக்கும் இந்த மனுசன் இதையேதான் செய்தார்.

கரவன் வாங்கியது உல்லாசப் பயணத்துக்கு அல்ல. எங்கள் ஒரே மகள் யாமினி மில்டூராவில் பள்ளிக்கூட ஆசிரியை. மெல்பேர்னில் இருந்து ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர். அவளுடைய மூத்தவன் பிறந்தபோது கோவிட் காலம். வீட்டைவிட்டு ஐந்து கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். பேரனின் முதல் அழுகையை நான் போனில்தான் கேட்டேன், அதுவும் பாதியில் சார்ஜ் போய்விட்டது. பத்தியக்கறி வைத்துக் கொடுக்க ஒருவரும் இல்லாமல் என் பிள்ளை பாணும் ஜாமும் தின்றுகொண்டு கிடந்தாள். அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இரண்டாவது பிள்ளை வயிற்றில் என்று அவள் சொன்னதும், "இந்த முறை நானும் அப்பாவும் உனக்குப் பக்கத்திலை நிப்பம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுடைய வீட்டில் இரண்டே அறை. அதனால்தான் கரவன். முற்றத்தில் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் இருக்கலாம் என்பது திட்டம். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

பிராங்ஸ்டனில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடம் பழைய கரவன் ஒன்று அகப்பட்டது. நீளமானது, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சில்லு. என் கணவர் ஒவ்வொரு ரயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். எதைக் கண்டுபிடிக்க உதைக்கிறார்கள் என்று இன்றுவரை ஒரு ஆம்பிளையும் எனக்குச் சொன்னதில்லை.

"ரயர் புதுசு மாதிரிக் கிடக்கு. எங்கையும் ஓடேல்லை" என்றார் சந்தோசமாக.

டண்டினொங் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ரயர் கடை வைத்திருக்கும் யதுர்சனுக்கு அந்தச் சந்தோசம் பிடிக்கவில்லை. நாற்பது வயதுப் பிள்ளை, சிரித்த முகம், ஆனால் ரயர் என்று வந்தால் நீதிபதி. குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினான்.

"இருபத்துமூண்டு, பதினாலு. ரெண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு, இருபத்துமூண்டாம் கிழமை செய்த ரயர், அங்கிள்."

"ஓடாத ரயர் தம்பி!"

"ஓடாட்டிலும் வயசு போகுமெல்லோ? வெய்யிலிலை நிண்டே காய்ஞ்சு போச்சு. வெடிப்பைப் பாருங்கோ."

பார்த்தேன். மாரிகாலத்தில் என் குதிக்காலில் வருகிற வெடிப்பு மாதிரியே இருந்தது. ஓடாமல் இருந்தாலும் வயது போகும் என்பது, வேலையை விட்டு ஏழு வருசமாகக் கதிரையில் இருக்கும் இந்த மனுசனுக்கு நான் தினமும் சொல்லுகிற விசயம்தான். ரயர்க்காரன் சொன்னால் மட்டும் ஏறுகிறது.

"என்ன பாரம் வரும் அங்கிள்?"

"ரெண்டாயிரத்து முந்நூறு சொச்சம். வித்தவர் சொன்னவர்."

"அது வெறும் கரவன். நீங்கள் வெளிக்கிடுற அண்டைக்கு என்ன பாரம்? அதுதான் எனக்கு வேணும். ஏத்திற சாமான் எல்லாத்தையும் ஏத்திப்போட்டு, வாகனம் நிறுக்கிற மேடையிலை நிறுத்து, அவை நிறையை அடிச்சுத் தாற துண்டைக் கொண்டுவாங்கோ. அதைப் பாத்துத்தான் ரயர் எடுக்க வேணும். வாசல் தகட்டிலை ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோ எண்டு அடிச்சிருக்கு. அதைத் தாண்டக் கூடாது."

நான் ஏற்றத் தொடங்கினேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளின் பத்தியக்கறிக்கு மிளகு, மஞ்சள், மல்லி என்று சரக்கு வேண்டும். சரக்கு அரைக்க அம்மி வேண்டும், மிக்சியில் அரைத்தால் சரக்கு சரக்காக இராது. சிவப்புப் பச்சையரிசி இரண்டு மூட்டை, அரிசிமா, நல்லெண்ணெய், தேங்காய் முப்பது, பனங்கட்டி, புட்டுப் பானை, இடியப்பத் தட்டு, கம்பளி, குழந்தைக்குத் துணி. தண்ணீர்த் தாங்கி இரண்டையும் நானே குழாயைப் பிடித்து நின்று நிரப்பினேன், நூற்றுத்தொண்ணூறு லீற்றர். என் கணவர் விமான நிலையச் சுங்க அதிகாரி மாதிரி வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். அவர் ஏற்றியவை ஒரு ஜெனரேற்றர், சாவி சுத்தியல் போட்ட ஆயுதப்பெட்டி இரண்டு, ரயர் மாற்றக் கரவனைத் தூக்குகிற இரும்பு ஜக் ஒன்று, கதிரை ஆறு. போவது இரண்டு பேர். ஆறு கதிரை யாருக்கு என்று கேட்டால், "ஆக்கள் வந்தால்?" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்பிரிங்வேல் முதியோர் இல்லத்தில் காலை வேலை. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் மேசையில் நிறை அடித்த துண்டை விரித்து வைத்துக்கொண்டு, பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவர் மாதிரி இருந்தார்.

"ரெண்டாயிரத்து முந்நூற்றி அறுபது! தகட்டுக்கு நானூற்றி நாப்பது குறைவு. தம்பி சும்மா வெருட்டிப்போட்டான். ரயரும் சொல்லிப்போட்டன். காருக்குப் போடுற மாதிரி மெத்தெண்ட ரயர். சில்லொண்டு அறுநூற்றி அம்பது கிலோ தாங்கும். நாளைக்குப் பத்து மணிக்குப் பூட்டலாம்."

"எல்லாம் ஏத்தினபடியோ நிறுத்தனீங்கள்?"

"ஓம்... ஓம்."

முதல் ஓமுக்கும் இரண்டாம் ஓமுக்கும் இடையில் ஒரு இடைவெளி இருந்தது. முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த இடைவெளியின் நீளம் தெரியும். அதைவிட, அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீடு முழுக்கத் தைல மணம்.

"முதுகுக்கு என்ன?"

"பூக்கண்டுக்குத் தண்ணி விட்டனான்."

பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டு முதுகு பிடித்த மனுசனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மிச்சமிருந்த பனங்கட்டிக் குட்டானை எடுத்துக்கொண்டு கரவனுக்குள் ஏறினேன்.

மேசைக்குக் கீழே நான் கட்டி வைத்த அம்மி குளிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. குழவி முகம் கழுவுகிற பேசினுக்குள் படுத்திருந்தது. சரக்குப் பெட்டியில் நான் போட்ட முடிச்சு இல்லை. ஆட்டைக் கட்டுகிற மாதிரி அவர் போடுகிற முடிச்சு இருந்தது. குழாயைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று வந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. இறங்கிப் பார்த்தால், கரவன் வாசலில் இருந்து கராஜ்வரை சிவப்பரிசி சிந்திக் கிடந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மனுசன் கரவனைப் பத்தியத்தில் போட்டு, வயிற்றைக் கழுவி, வெறும் வயிற்றோடு நிறுக்கக் கொண்டுபோயிருக்கிறார். நல்ல றிப்போட் வாங்கிக்கொண்டு வந்து, திரும்ப எல்லாவற்றையும் ஊட்டிவிட்டிருக்கிறார்.

"இஞ்சாருங்கோ!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வந்தார். அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை, அதுதான் இன்னும் கோபம்.

"இப்ப என்ன நடந்து போச்சு? இரத்தம் குடுக்க வெறும் வயித்திலை வா எண்டு டொக்டர்மாரே சொல்லினம். ஒரு இடத்துக்கு நிறுக்கப் போகேக்கை துப்பரவாக்கிக்கொண்டுதானே போறது? உம்மட அம்மியையும் புட்டுப் பானையையும் காட்டி மேடையிலை நிறுக்கிற வெள்ளைக்காரிக்கு முன்னாலை மானம் போகவோ?"

"அந்த மேடை உங்களுக்குச் சேர்ட்டிபிக்கேற் தாற இடமே? நாளைக்கு இந்த ரயர் நடுறோட்டிலை வெடிச்சால், அந்தத் துண்டைக் காட்டினால் ஒட்டுமோ?"

"வெடியாது. கொஞ்சம் கூடக் குறைய—"

"கொஞ்சமோ? நீங்கள் டொக்டருக்குச் சுத்துறதும் இதுதான். நல்ல நம்பர் வந்தால் நல்ல சுகம் எண்டு நினைக்கிறீங்கள். மூண்டு நாளிலை வந்த நம்பரை வைச்சுத்தான் அந்த மனுசன் உங்களுக்கு மருந்து தாறார். அது ஆருக்கு எழுதின மருந்து?" கையிலிருந்த பனங்கட்டிக் குட்டானைப் படியில் வைத்தேன். "முதல் பிள்ளைக்கு நாங்கள் போகேல்லை. இந்த முறை நான் தனிய அவளுக்கு முன்னாலை போய் நிக்க மாட்டன். நீங்களும் முழுசாய் அங்கை வந்து சேர வேணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவர் குனிந்து அரிசி பொறுக்கத் தொடங்கினார். முதுகு விடவில்லை. அப்படியே பாதியில் நின்றுவிட்டார். நான்தான் பிடித்து நிமிர்த்தினேன்.

அன்று மாலையே யதுர்சனுக்குப் போன் எடுத்தேன். "அன்ரி, எனக்கும் சந்தேகம்தான். சத்தியமா ஏத்திப்போட்டோ நிறுத்தனீங்கள் எண்டு ரெண்டு தரம் கேட்டனான். அங்கிள் ஓம் எண்டவர். பிரச்சினை இல்லை, நிறுத்துப்போட்டு வாங்கோ" என்றான்.

சனிக்கிழமை காலையில் தாங்கிகளைத் திரும்ப நிரப்பினேன். எதையும் விடவில்லை, சேலைப் பெட்டி உட்பட. மேடையில் கரவனைத் தனியாகக் கழற்றி விட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கணவரை அடையாளம் கண்டுவிட்டாள். நேற்று வந்தது இதன் தம்பியா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

இரண்டாயிரத்துத் தொளாயிரத்து முப்பது.

"பாத்தீங்களோ!" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் வென்றது கிடையாது. துண்டை அவருடைய மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். அப்போது அந்தப் பெண் கரவனின் தகட்டைப் பார்த்துவிட்டு வந்து, தன்மையாக ஒரு விசயம் சொன்னாள். நூற்றுமுப்பது கிலோ கூடவாம். இந்தப் பாரத்தோடு, உழவு மெசின் ரயர் பூட்டினாலும் றோட்டில் ஏறக் கூடாதாம்.

என் கை தானாக இறங்கிவிட்டது. ஐந்நூற்றெழுபது கிலோ ஏற்றியிருந்தோம். அதில் அவருடையது ஜெனரேற்றரும் ஆயுதமும் ஜக்கும் ஆறு கதிரையும். மிச்சம் முழுக்க என்னுடையது. என் கணவர் நம்பரை ஒளித்தார் என்றால், ஒளிக்க வேண்டிய நம்பரை உண்டாக்கியது நான்.

அவர் ஏளனம் செய்யவில்லை. மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"மில்டூராவிலை தண்ணி வாறேல்லையாமோ?"

மில்டூரா ஆற்றங்கரையில் இருக்கிறது. மறே ஆறு ஊரைச் சுற்றி ஓடுகிறது. யாமினியின் குசினியில் இரண்டு குழாய், முற்றத்தில் ஒன்று. அந்த ஊருக்கு நான் நூற்றுத்தொண்ணூறு லீற்றர் தண்ணீர் சுமந்து போகிறேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து தண்ணீரைத் திறந்துவிட்டோம். பூக்கன்றுகளுக்கு அன்றைக்கு உண்மையாகவே தண்ணீர் கிடைத்தது. நான் ஒரு மூட்டை அரிசியையும் தேங்காயையும் இறக்கினேன், மில்டூராவிலும் கடை இருக்கிறது. பிறகு அம்மியைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அது வரட்டும். ஜெனரேற்றர் இஞ்ச நிக்கட்டும். கதிரையிலையும் நாலு நிக்கட்டும்."

"ஆக்கள் வந்தால்?"

"நிலத்திலை இருக்கட்டும்."

மூன்றாம் முறை நிறுத்தபோது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. துண்டை என் கணவரே கொண்டுபோய் யதுர்சனிடம் நீட்டினார்.

யதுர்சன் நான்கால் பிரித்தான். "சில்லொண்டுக்கு அறுநூற்றி அறுபது."

"அப்ப எழுநூறு தாங்கிறது போதும்தானே?"

"காணாது அங்கிள். நாலு சில்லும் சமனாய்ச் சுமக்காது. குசினி இருக்கிற பக்கம் பாரம் கூட. பள்ளத்திலை விழேக்கை ஒரு சில்லு மற்றதின்ர பங்கையும் சேத்துத் தாங்க வேணும். வெய்யில் றோட்டு, நாள் முழுக்க ஓட்டம். மட்டுமட்டாய் எடுத்தால் சூடேறி வெடிக்கும்." உள்ளே போய், தடித்த பக்கங்களோடு ஒரு ரயரை உருட்டிக்கொண்டு வந்தான். "சின்ன லொறிக்குப் போடுறது. ஒண்டு ஆயிரத்துக்கு மேலை தாங்கும். அஞ்சாவது ரயரும் இதுதான் போட வேணும். பழசை ஸ்பெயாராய் வைச்சிருக்கிறதிலை பிரியோசனமில்லை."

"இது குலுக்குமெல்லோ? மெத்தெண்டு இராதே."

"ஓடேக்கை கரவனுக்குள்ளை ஆர் இருக்கப் போகினம் அங்கிள்? அம்மிதானே?"

பூட்டும் முன் ஒவ்வொரு ரயரிலும் நான்கு இலக்கத்தை என் கணவர் குனிய முடியாமல் குனிந்து படித்தார். எல்லாம் இந்த வருசத்துப் பிள்ளைகள். காற்று எவ்வளவு என்று யதுர்சன் பாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, சில்லுக்கு மேலேயே எழுதி ஒட்டினான். காலையில், ஓடத் தொடங்க முந்தித்தான் காற்றுப் பார்க்க வேண்டும், நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னான். கடை வாசலில் நான்கு எலுமிச்சம்பழத்தைச் சில்லுகளுக்குக் கீழே வைத்து நசித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அடுத்த புதன்கிழமை அவருக்கு இரத்தப் பரிசோதனை. ஞாயிறு மத்தியானம் நான் வழக்கம்போலக் கீரை அவித்து வைத்தேன். அவர் கீரையைத் தள்ளி வைத்துவிட்டுச் சோற்றுப் பானையைத் திறந்தார்.

"என்ன இது? புதன்கிழமை எல்லோ?"

"பாரத்தோடைதான் நிறுக்க வேணும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு. புதன் காலை மட்டும் வெறும் வயிறு. வந்த நம்பரைப் பார்த்து டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். என் கணவர் கலியாண வீடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதுதான் டொக்டர் என்ர உண்மையான நிறை" என்றார். டொக்டருக்கு விளங்கவில்லை, ஆனால் மருந்தை மாற்றி எழுதினார். எனக்கு அன்றைக்கு என் புருசன் மேல் இருந்த அன்பை இங்கே எழுதினால் வயதுக்கு அழகில்லை.

சனிக்கிழமை விடியக் காற்றுப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டோம். நூறாவது கிலோமீற்றரில் நட்டுகளை இறுக்கினார். நிற்கிற இடமெல்லாம் இறங்கி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி ஒவ்வொரு ரயரையும் தொட்டுப் பார்த்தார். ஊயன் என்ற ஊரைத் தாண்டியதும் றோட்டோரத்தில் ஒரு கரவன் சரிந்து நின்றது. ரயர் கந்தலாகி, றப்பர்த் துண்டுகள் றோட்டெல்லாம் கிடந்தன. பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரரும் மனைவியும் கதிரை போட்டு இருந்தார்கள். நிறுத்திக் கேட்டோம். ஒருவருக்கும் காயம் இல்லை, உதவி வருகிறதாம். "புது ரயர் மாதிரித்தான் இருந்தது" என்றார் அந்த மனிதர். என் கணவர் குனிந்து கந்தலில் எதையோ தேடினார். நான்கு இலக்கம். படித்துவிட்டு நிமிர்ந்தார். மில்டூரா வரும்வரை எண்பதுக்கு மேல் ஓட்டவில்லை.

யாமினி வாசலில் நின்றாள், வயிறும் அவளுமாக. "அம்மா, what took you so long?" என்று சிணுங்கினாள். ஐந்து வருசக் கேள்வி அது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பேத்தி பிறந்தாள். மருமகன் மூத்தவனைப் படுக்கவைக்க வீட்டுக்கு ஓடிய நேரம், அறைக்குள் யாமினியின் ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் அவரும் நின்றோம். தாதி குழந்தையை நிறுக்க எடுத்தாள். துவாயை விலக்கினாள். தொப்பியைக் கழற்றினாள். நப்பியையும் கழற்றி, வெறும் மேனியாக நிறுவையில் வளர்த்தினாள்.

என் கணவர் என்னை முழங்கையால் இடித்தார்.

"பாத்தனீரோ? எல்லாத்தையும் இறக்கிப்போட்டுத்தான் நிறுக்கிறா!"

நிறுவையில் மூன்று கிலோ நூற்றிருபது என்று விழுந்தது. பேத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி அதிர அழுதாள். இந்த முறை அந்த அழுகை பாதியில் நிற்கவில்லை.

அவர் நிறுவைக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். முதுகு பிடிக்கும் என்பதையும் மறந்துவிட்டார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"இது சரியான நிறைதான் சத்தியபாமா" என்றார். "இவள் இன்னும் ஒரு சாமானும் ஏத்தேல்லை."